நிரந்தர முகவரி: இல்லை

அந்த விடுதிப் பள்ளியின் அலுவலகத்தில் நான் பதினாறு வருடம் சேர்க்கைக் குமாஸ்தாவாக இருந்தேன். விண்ணப்பம் கொடுப்பது, நிரப்பி வந்ததை வாங்கிச் சரிபார்ப்பது, விடுபட்ட இடங்களைக் காட்டித் திருப்பி அனுப்புவது, எல்லாம் முடிந்தபின் பெரிய பதிவேட்டில் என் கையெழுத்தில் ஏற்றுவது. இதுதான் வேலை. என் கவுண்டருக்கு வந்த பெற்றோர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிள்ளையின் சட்டைக் காலரை நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்து விடுவார்கள். சாதாரண குமாஸ்தா எனக்கே ஏதோ வரம் தரப்போகிறவன்போல மரியாதை கொடுப்பார்கள். ஒரே ஒரு அம்மா அப்படி வரவில்லை. அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலையில் வந்தார். முழுக்கைச் சட்டை, கணுக்காலுக்கு மேல் ஏறிய தடித்த தோல் பூட்ஸ், இறுக்கிப் பின்னிய முடி. அவர் உள்ளே நுழைந்ததும் பெட்ரோல் வாசனையும் கூடவே நுழைந்தது. பக்கத்தில் பதினொரு வயது மகள். அவர்களுக்குப் பின்னால், உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்தபடி, ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கும் ஒருவர் வாசலிலேயே நின்றார். அது கணவர்.

நிரப்பிய விண்ணப்பத்தை அந்த அம்மா நீட்டினார். பென்சிலால் வரிவரியாகத் தட்டிக்கொண்டே வந்தேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

“இந்தக் கட்டத்தைக் காலியா விடக்கூடாதும்மா.”

“காலியா விடலையே சார். இல்லைன்னு எழுதியிருக்கேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல சார். காலியா விட்டா மறந்துட்டேன்னு அர்த்தம். நான் மறக்கல. எங்களுக்கு நிரந்தர முகவரி கிடையாது. நாலஞ்சு மாசத்துக்கு ஒரு ஊர்.”

பென்சிலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினேன். தாயின் தொழில்: மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல்.

ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிகளில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிய பெரிய உருளை. இரண்டு மாடி உயரம் இருக்கும். ஜனங்கள் மேலே விளிம்பைச் சுற்றி நின்று குனிந்து பார்ப்பார்கள். உள்ளே அந்தச் சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு பைக் சுற்றும். இவர் அதை ஓட்டுகிறவர்.

“நான் அப்பவே சொன்னேன் சார், சுயதொழில்னு போட்டுடலாம்னு” என்று வாசலிலிருந்து கணவர் மெல்லச் சொன்னார்.

“சுயதொழில்னு போட்டா இவர் என்ன நெனப்பார்? வீட்ல சோப்பு காய்ச்சி விக்கிறேன்னு நெனப்பார். நான் வண்டி ஓட்டுறேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்?” என்றார் அந்த அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இதற்கு முன் படித்த பள்ளிகள் என்ற இடத்தில் மூன்று கோடுகள்தான் அச்சிட்டிருந்தோம். அவர் தனித்தாள் இணைத்திருந்தார். பதினான்கு பள்ளிகள். அத்தனைக்கும் மாற்றுச் சான்றிதழ்கள் ஒரு தட்டையான தகரப் பெட்டியில், தேதிவாரியாக அடுக்கி இருந்தன. ஒன்றைக்கூட அவர் விடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்கான இணைப்புகளை நான் பார்த்ததில்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.

அந்த மாதத்தில் அவர்கள் வாயால் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

பத்தொன்பது வயதில் அவர் அட்டைப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். எதிர்த் திடலில் பொருட்காட்சி வந்து இறங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்து இன்ஜின் சத்தம் கேட்கும். சம்பளம் வாங்கிய அன்று போய்ப் பார்த்தார். மறுநாளும் போனார். நான்காம் நாள் நேராக முதலாளியிடம் போய் வேலை கேட்டார். முதலாளி அவரை டிக்கெட் கூண்டில் உட்கார வைத்தார். அரை வருடம் டிக்கெட் கிழித்துவிட்டு, ஒருநாள் வண்டியைக் கேட்டார்.

“பொம்பளைங்க கிணத்துக்குள்ள இறங்கக் கூடாது. விழுந்தா யார் பதில் சொல்றது?”

“ஆம்பளை விழுந்தா மட்டும் யார் பதில் சொல்றீங்க?”

முதலாளி டிக்கெட் கட்டை எடுத்து அவர் கையில் திணித்தார். அப்போது அங்கே ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் தன் பழைய வண்டியைக் காலை வேளைகளில் பூட்டாமல் விட்டார். அவர் எதையும் கற்றுத்தரவில்லை, தடுக்கவும் இல்லை. அவ்வளவுதான் அவர் செய்த உதவி. பிறகு அவரையே கல்யாணம் செய்துகொண்டார் இந்த அம்மா. கிணற்றின் அடியில் தரைக்கும் சுவருக்கும் நடுவே சாய்வான பலகைகள் உண்டு. அதிலேயே எட்டு மாதம் சுற்றினார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டு பல் போயின. எட்டு மாதம் கழித்து ஒருநாள் விளிம்பு வரை ஏறினார். அடுத்த வாரமே முதலாளி வாசலில் புதுப் பலகை எழுதி மாட்டிவிட்டார். அதில் வரைந்திருந்த பெண்ணுக்கும் இவருக்கும் மூக்கில்கூட ஒற்றுமை கிடையாது.

செய்தி கேட்டு அப்பா ஆள் அனுப்பினாராம், இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று. “படி எதுக்கு, நான் சுவரே ஏறிட்டேன்னு போய்ச் சொல்லு” என்று வந்தவரிடம் சொல்லி அனுப்பினாராம் இவர். இதைச் சொல்லும்போது சிரித்தார். அதற்குப்பின் பதினைந்து வருடமாக அந்த வீட்டுக்குப் போகவில்லை என்பதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

மகளுக்கு இரண்டு வயதாகும்போது கணவர் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஓட்டுவது மனைவி. மைக் பிடித்து ஆள் கூப்பிடுவது, சமைப்பது, மகளுக்குத் தலை வாருவது எல்லாம் கணவர். எட்ட நின்று பார்த்தால் மனைவிக்குப் பயந்தவர்போலத் தெரியும். மைக்கைப் பிடித்தால் சிங்கம்.

மகளின் படிப்பு வேறு விதமான சுற்றல். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பள்ளி. ஒன்றில் பாதியில் சேர்ந்து, இன்னொன்றில் பாதியில் விலகி, இலையின் பாகங்களை ஐந்து பள்ளிகளில் ஐந்து முறை படித்திருந்தாள். பின்னத்தை ஒரு பள்ளியிலும் படித்ததில்லை. அவள் போகும்போது அந்தப் பாடம் எப்போதும் முடிந்திருக்கும், அல்லது இனிமேல்தான் வரும். ஒருநாள் அம்மா கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னாளாம்.

“அம்மா, ஒரே பெஞ்சுல ஒரு வருஷம் முழுசா உக்காரணும்.”

அதிலிருந்துதான் விடுதிப் பள்ளி தேட ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளி வாசலில் பெரிய பலகை இருந்தது, எல்லோரையும் வரவேற்கிறோம் என்று. அதைப் படித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

நுழைவுத் தேர்வு நடந்தது. மொழித்தாளில் அந்தப் பெண் எல்லோரையும்விட அதிகம் வாங்கியிருந்தாள். கணக்கில் பின்னக் கேள்விகள் ஆறு இருந்தன. ஆறுக்கும் எதிரே ஒரே வாக்கியம்: 'இது எனக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.' திருத்திய ஆசிரியர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டிச் சிரித்தார். தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணுக்கு மேலேயே வாங்கியிருந்தாள். மதிப்பெண்ணைக் காட்டி அவளைத் தள்ள வழி இல்லை.

அடுத்தது முகவரி விசாரணை. வழக்கமாக அது பேருக்குத்தான், தாளிலேயே முடிந்துவிடும். இந்த முறை பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, “நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார்.

ரயில் பாதையை ஒட்டிய திடல். மாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்பு போய்ச் சேர்ந்தேன். கிணற்றின் வாசலில் கணவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரல் இறங்கிவிட்டது. பின்னாலிருந்து அந்த அம்மா வந்தார்.

“விசாரணைக்கா சார்? வாங்க. வீட்டைப் பாக்குறது இலவசம். மேல ஏறிக் கிணத்தைப் பாக்கணும்னா டிக்கெட்.”

வீடு என்பது பழைய சரக்கு வேன் ஒன்றின் உடல். பக்கவாட்டில் ஜன்னல் அறுத்திருந்தார்கள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை, மடக்கிச் சாத்தும் பலகை ஒன்று, அதுதான் மகளின் மேசை. புத்தக அலமாரிக்குக் குறுக்கே டயர் டியூபை வெட்டிப் பட்டையாக இழுத்துக் கட்டியிருந்தது. ஓடும்போது புத்தகங்கள் விழாமல் இருக்கவாம். பள்ளி விடுதி அறைகளை மாதம் ஒருமுறை சோதிக்கப் போகிறவன் நான். அந்த வேன் அவற்றைவிடச் சுத்தமாக இருந்தது. படிவத்தில் 'வீட்டின் தன்மை' என்று ஒரு இடம் உண்டு. சொந்தம், வாடகை என்று எழுதுவோம். நான் 'சொந்தம், சக்கரம் உண்டு' என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். இன்ஜின் கிளம்பியதும் நிற்கும் பலகையே ஆடியது. கம்பியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையில் விசாரணைப் படிவம். வண்டி சாய்பலகையில் இரண்டு சுற்று, பிறகு சுவர், பிறகு எனக்கு ஒரு முழம் கீழே. என்னைச் சுற்றி நின்றவர்கள் நோட்டுகளை நீட்ட, கைப்பிடியை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டே போனார். அடுத்த சுற்றில் என் கையிலிருந்த படிவம் காணாமல் போயிருந்தது. அதை விரித்துப் பிடித்தபடி, மடியில் வைத்துப் படிப்பவர்போல, இரண்டு முறை என்னைக் கடந்து போனார். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

காட்சி முடிந்ததும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். மூலையில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை.

“ஆபீஸ் தாள்மா இது” என்றேன்.

“தெரியும் சார். நான் என்ன வேலை செய்யறேன்னு நீங்க எழுதிக் காட்டினா நம்பமாட்டாங்க. அந்தக் கறையையும் சேத்துக் காட்டுங்க.”

பெற்றோர் நேர்காணல் பிரின்சிபால் அறையில் நடந்தது. ஜன்னலோரம் நீண்ட சோபா, எதிரே கண்ணாடி போட்ட மேசை. பிரின்சிபாலுக்குப் பக்கத்தில் நிர்வாகக் கமிட்டிக்காரர் ஒருவர். கட்டடங்களை வாடகைக்கு விடுபவர். பள்ளியில் எந்த முடிவும் அவர் தலையசைக்காமல் நடக்காது. நான் குறிப்பெடுக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கணவர் சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஆபத்தான தொழில்” என்று கமிட்டிக்காரர் ஆரம்பித்தார். “நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா பொண்ணோட கதி?”

“அதுக்குத்தான் சார் இங்க இடம் கேக்குறேன். எனக்கு எதுவும் ஆகாதுன்னு நெனச்சிருந்தா இவளை என்கூடவே வெச்சிருப்பேனே.”

“வேற கௌரவமான வேலைக்குப் போகலாமில்ல?”

கணவர் மனைவியின் முழங்கையைத் தொட்டார். “விடும்மா.”

“இருங்க. கேட்டுட்டார், பதில் சொல்லணுமில்ல.” கமிட்டிக்காரர் பக்கம் திரும்பினார். “இதுல கௌரவம் எங்க சார் குறையுது? நான் செய்யறதை நாலு பக்கமும் நின்னு ஜனங்க பாக்குறாங்க. மறைக்க ஒண்ணும் கிடையாது. அப்படி எல்லாரும் சுத்தி நின்னு பாக்குற மாதிரி எத்தனை பேரால தன் வேலையைச் செய்ய முடியும்?”

கமிட்டிக்காரர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பிரின்சிபால் பேச்சை மாற்றப் பெண்ணிடம் கேட்டார்.

“அம்மா ஓட்டும்போது உனக்குப் பயமா இருக்காதா?”

“இருக்கும்” என்றாள் அவள். “அதனால பாக்கமாட்டேன். வேன்ல உக்காந்து சத்தம் மட்டும் கேப்பேன். சத்தம் சீரா இருந்தா அம்மா நல்லா இருக்காங்க. கொஞ்சம் மாறினா புத்தகத்தை மூடிடுவேன்.”

அம்மாவின் முகம் ஒரு நொடி கலைந்தது. அவருக்கும் இது புதுச் செய்தி என்று நினைக்கிறேன். மகள் அவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

கட்டணம் கட்ட முடியுமா என்று எல்லாப் பெற்றோரிடமும் கேட்போம். இவர்களிடம் கேட்கவே இல்லை. கணவர் தயாராக எடுத்துவைத்திருந்த வங்கிப் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் அந்த அம்மா என்னிடம் சொன்னார். “பணத்தைப் பத்திப் பேசவே இல்ல பாத்தீங்களா சார்? அப்போ முடிவு பண்ணிட்டாங்க.”

அவர் கணக்குத் தப்பவில்லை. நான்காம் நாள் கடிதத்தில் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார். தட்டச்சு செய்தது நான்தான். 'இடங்கள் நிரம்பிவிட்டபடியால் வருந்துகிறோம்.' தபாலுக்கு முகவரி இல்லாததால் அந்த அம்மாவே நேரில் வந்து வாங்கிக்கொண்டார். கவுண்டரிலேயே பிரித்து, நின்றபடி படித்தார். மகள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

“இடமே இல்லையா சார்? இல்ல, எங்களுக்கு மட்டும் இடம் இல்லையா?”

கட்டில் கணக்கு என் மேசையில்தான் இருந்தது. பெண்கள் விடுதியில் ஆறு கட்டில் காலி. மென்று முழுங்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். பதினாறு வருடத்தில் அப்படி எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

“ஆறு கட்டில் காலியா இருக்கும்மா.”

அவர் தலையசைத்தார். நன்றி சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது.

“சேக்காததுக்கு என்ன காரணம்னு எழுதித் தாங்க மேடம்.”

“காரணம் எழுதித் தர்ற வழக்கம் இல்லம்மா.”

“அப்போ காரணம் எதுவும் இல்லைன்னு எழுதித் தாங்க. அதையாவது வாங்கிட்டுப் போறேன்.”

பிரின்சிபால் வேலை இருப்பதாகச் சொன்னார். “இருக்கட்டும் மேடம், நான் காத்திருக்கேன்” என்று பார்வையாளர் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்படி மூன்று நாள். காலை எட்டு மணிக்கு மகளோடு வருவார். இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். நான்கு மணிக்குக் காட்சி. சத்தம் போடவில்லை, யாரையும் மறிக்கவில்லை. மகள் மடியில் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருப்பாள். மற்றப் பெற்றோர்கள் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகளைச் சேர்க்க வந்துகொண்டிருந்த நேரம் அது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேச்சுக் கொடுத்தால் இவர் உள்ளதை உள்ளபடி சொல்வார், தொழில் உட்பட. சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போனார்கள். ஒரு அப்பா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வண்டிக்குப் பிரேக் உண்டா, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். அவர் மகன் நுழைவுப் படிவத்தில் கையெழுத்து வாங்க மூன்று முறை வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

கிணத்துக்காரம்மா என்ற பெயர் அலுவலகத்தில் அதற்குள் நிலைத்துவிட்டது. “இன்னிக்கும் வந்துட்டாங்களா?” என்று ஆசிரியர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கமிட்டிக்காரர் போன் செய்து வாட்ச்மேனை வைத்து வெளியே அனுப்பச் சொன்னார். பிரின்சிபால், “பெற்றோர் கூடத்துல ஒரு பெற்றோர் உக்காந்திருக்காங்க. என்ன சொல்லி அனுப்பறது?” என்று கேட்டுப் போனை வைத்தார். அவரைப் பற்றி என் எண்ணம் கொஞ்சம் மாறியது அப்போதுதான்.

மூன்றாம் நாள் மதியம் பிரின்சிபால் அவர்களை உள்ளே கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

“ஒரு பருவம் சோதனையா சேத்துக்கறோம்” என்றார். “பதிவேட்டுல உங்க தொழில் தனியார் பணின்னு இருக்கட்டும். பொண்ணு மத்தப் பிள்ளைங்ககிட்ட இதைப் பத்திப் பேசாம இருக்கணும். கமிட்டி இதுக்குத்தான் ஒத்துக்கிட்டிருக்கு. இது அவளோட நன்மைக்காகத்தான்.”

அந்த அம்மா எழுந்தார்.

“பொய் சொல்லக் கத்துக்கறதுக்கா மேடம் நான் இங்க கட்டணம் கட்டணும்? அது வெளியிலயே இலவசமா கிடைக்குது. வா, போலாம்.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். என் கவுண்டர் வரை வந்திருப்பார்கள். அங்கே மகள் கையை உதறினாள். அந்தப் பெண் குரலை உயர்த்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“எல்லா எடத்துலயும் நீதான் ஜெயிக்கணும். கிணத்துலயும் நீ, இங்கயும் நீ. நான் படிக்கணும்மா. உனக்கு அது ஞாபகம் இருக்கா?”

அந்த அம்மா நின்றுவிட்டார்.  கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் சொன்னார்.

“நான் செய்யற வேலையை நீ ஒளிச்சு வெச்சுக்கிட்டு இங்க இருக்கணும்ங்கறாங்க. உனக்கு அது பரவாயில்லையா?”

“இல்ல. ஆனா அதை நான் பேசிக்கறேன். எனக்காக நீ பேசாத.”

அவள் மட்டும் திரும்பி உள்ளே போனாள். கதவைத் தட்டினாள். நான் கையிலிருந்த கோப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“மேடம், நான் சேந்துக்கறேன். ஆனா யாராவது உங்க அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டா சொல்லுவேன். கேக்கலேன்னா நானா சொல்லமாட்டேன். எனக்குப் பேச வேற விஷயமும் இருக்கு.”

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கேட்டா சொல்லு” என்றார். “கேக்கறவங்களுக்குப் பொய் சொல்லுன்னு நான் சொல்ல முடியாது. சரி, இவர்கிட்ட விடுதிச் சாமான் பட்டியலை வாங்கிக்கோ.”

பட்டியலைக் கொடுத்தேன். கூடத்தில் அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தார்கள். முதலில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. “ரெண்டு போர்வை வேணுமாம்” என்றாள் மகள். “வாங்கிக்கலாம்” என்றார் அம்மா. “நான் கத்தினது தப்பு” என்றாள் மகள். “தப்பு இல்ல. கேட்டது சரிதான். அவ்வளவு பேர் முன்னாடி கேட்டிருக்க வேண்டாம்” என்றார் அம்மா. பிறகு பட்டியலில் ஏழாவதாக இருந்த மழைக்கோட்டுக்கு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் பதிவேட்டைத் திறந்தேன். தனியார் பணி என்று எழுத வேண்டும் என்று கமிட்டிக்காரர் போனில் ஞாபகப்படுத்தியிருந்தார். “சரி சார்” என்று சொல்லியிருந்தேன். ஆனால் பதிவேட்டை எழுதுவது நான். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி ஏற்ற வேண்டும் என்பதுதான் அலுவலக விதி. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் என்று முழுசாக எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் கடைசி எழுத்துகள் கோட்டைத் தாண்டின. கமிட்டிக்காரர் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்ததாக எனக்கு இன்றுவரை நினைவில்லை.

முதல் வாரமே யாரோ கேட்டார்கள், அவள் சொன்னாள். பத்து நாள் விடுதி முழுக்க அதே பேச்சு. பதினோராம் நாள் வேறு ஒருத்தியின் அக்கா கல்யாணம் பேச்சானது.

ஒரு பருவச் சோதனைக் காலம் யாரும் கவனிக்காமலே முடிந்துபோனது. அவள் வகுப்பில் முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. நடுவில் எங்கோ ஒரு இடம். ஐந்தாவது மாதம் விடுதிக் குளியலறையில் ஒரு வாளிக்காகச் சண்டை வந்து, இன்னொரு பெண்ணின் நெற்றியில் வாளிக் காதால் இடித்துவிட்டாள். ரத்தம் வந்துவிட்டது. பெற்றோரை வரச் சொல்லித் தகவல் போனது.

நாலு மணி நேரத் தூரத்திலிருந்து அந்த அம்மா தனியாக வந்தார். கவுண்டரைக் கடக்கும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நிற்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. முன்பு அந்த அறைக்குள் சாய்ந்து உட்கார்ந்தவர், இந்த முறை நின்றுகொண்டே இருந்தார்.

நடந்ததைப் பிரின்சிபால் சொன்னார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாளி யாரோடது?” என்று அம்மா கேட்டார்.

“அவளோடது.”

“அப்போ?”

“என் வாளியை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதனால அவளோடதை எடுத்தேன். அவ இழுத்தா, நானும் இழுத்தேன்.”

“தப்பு யார் மேல?”

“என் மேல.”

“போய் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு. எனக்கு முன்னாடி வேண்டாம். நீயா போய்க் கேளு.”

மகள் போனதும் அந்த அம்மா பிரின்சிபாலிடம் மெதுவாகக் கேட்டார்.

“வெளிய அனுப்பிடுவீங்களா மேடம்?”

பிரின்சிபாலுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார். “ஒரு வாளிக்காகவா? இந்த மாசத்துல இது நாலாவது வாளிச் சண்டை. இந்த விடுதியில எல்லாரையும் அப்படி அனுப்பினா நானும் வார்டனும்தான் மிச்சம் இருப்போம்.”

அதற்கப்புறம்தான் அந்த அம்மா சோபாவில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். கிளம்ப எழுந்தபோது, விடுதிக்கு எத்தனை வாளி வேண்டியிருக்கும் என்று வார்டனிடம் விசாரித்துச் சொல்லச் சொன்னார். அதெல்லாம் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்றார் பிரின்சிபால். “பாத்துக்கிட்டிருந்தா நாலு சண்டை வந்திருக்காது மேடம்” என்றார் அந்த அம்மா.

வாசலில் அவர் வண்டியைக் கிளப்பியபோது நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். மகள் ஓடிவந்தாள். மன்னிப்புக் கேட்டாயிற்றா என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது; தலையை ஆட்டினாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வகுப்பு மணி அடித்தது. சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் வகுப்பை நோக்கி ஓடினாள். அந்த அம்மா கொஞ்சநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.